ஆடு எடுத்துப்போனது, நாய் கொண்டுவருவது

1649 ஜனவரி. லண்டனில் அரசர் முதலாம் சார்லஸின் தலை உருள நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதே மாதம் அங்கிருந்து மேற்கே, வில்ட்ஷயரின் மேட்டு நிலங்களில், கனவான்கள் சிலர் வேட்டைநாய்களோடு கிளம்பியிருந்தார்கள். அரசரே போனாலும் வேட்டை நிற்காது போலிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஜான் ஆப்ரி என்ற 22 வயது இளைஞரும் இருந்தார். வேட்டை ஏவ்பரி என்ற கிராமத்தின் வழியாகப் போனது. மற்றவர்கள் நிற்காமல் போய்விட, ஆப்ரி மட்டும் குதிரையை இழுத்துப் பிடித்தார். வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் இடையே ஆளுயரத்தைத் தாண்டிய கற்கள் நின்றன. ஊரையே வளைத்துக்கொண்டு ஓர் அகழி, அதற்கு வெளியே ஒரு பெருங்கரை.

ஊர்க்காரர்களுக்கு அது தினம் பார்க்கிற சங்கதி. ஆனால் பழம்பொருள் படிப்பாளிகள் யாரும் அதற்கு முன் அதை விரிவாகக் கவனித்து எழுதவில்லை. ஆப்ரி ஆசை தீரச் சுற்றிப் பார்த்தார். பிறகு நாய்களின் குரைப்பு கேட்ட திசையைப் பிடித்துக்கொண்டு போய்க் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். 1663இல் இரண்டாம் சார்லஸ் மன்னரையே அங்கே அழைத்துப்போய்க் காட்டினார். உலகின் மிகப் பெரிய கல்வட்டம் படித்தவர்கள் உலகத்துக்குத் தெரியவந்ததில் நாய்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

இன்று நாயை ஏவி வேட்டையாடுவதை 2004இல் வந்த சட்டம் தடுத்துவிட்டது. நாய்கள் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. சனி, ஞாயிறுகளில் ஏவ்பரியின் கற்களுக்கிடையே லாப்ரடார், டெரியர், ஸ்பானியல் என்று கயிற்றின் முனையில் இழுத்துக்கொண்டு போகிற நாய்களைப் பார்க்கலாம். அங்கேயே செம்மறிகளும் மேய்கின்றன. நாய், ஆடு, கல் மூன்றும் ஒரே புல்வெளியில் இருப்பது பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் புல்வெளியின் கணக்குவழக்கைத் தெரிந்துகொண்டால் நாயின் கயிறு ஏன் குட்டையாக இருக்கவேண்டும் என்பது விளங்கும்.

தென் இங்கிலாந்தின் பெரும்பகுதிக்கு அடியில் கிடப்பது சீமைச் சுண்ணாம்பு. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பாதியில் இந்த இடமெல்லாம் வெதுவெதுப்பான கடல். அதில் மிதந்த, கண்ணுக்கே தெரியாத பாசிகளின் சுண்ணத் தகடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அடியில் படிந்து இறுகி வெள்ளைப் பாறையாயின. தச்சர் பையிலிருக்கும் ஒரு துண்டு சீமைச் சுண்ணாம்பை வைத்துக்கொண்டு இந்தக் கதை முழுவதையும் தாமஸ் ஹக்ஸ்லி 1868இல் நார்விச் நகரத் தொழிலாளர்களுக்கு விளக்கினார். அறிவியல் சொற்பொழிவு எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அதை இன்றும் உதாரணம் காட்டுகிறார்கள்.

இந்தப் பாறையின்மேல் மண் மிகக் குறைவு. புல்லைப் பெயர்த்தால் சிறிது ஆழத்திலேயே வெள்ளை தெரிந்துவிடும். பெய்த மழை பாறைக்குள் இறங்கிப் போய்விடுவதால் மேட்டில் ஓடையோ ஊற்றோ கிடையாது. மரமும் அரிது. பார்க்கிறவர்கள் இது ஆதியிலிருந்தே இப்படிக் கிடந்த வெட்டவெளி என்று நினைப்பார்கள். அப்படியில்லை. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் வந்த முதல் உழவர்கள் மரங்களை வெட்டினார்கள். அவர்களுடைய மாடும் ஆடும் முளைத்த கன்றுகளைக் கடித்துத் தின்றன. மேய்ச்சல் நின்றால் சில பத்தாண்டுகளில் முட்புதர் மண்டிவிடும். 1953இல் மிக்சோமட்டோசிஸ் என்ற நோய் பிரிட்டனுக்குள் வந்து முயல்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. புல்லைக் கடிக்க முயல் இல்லாமல் போனதும் பல சரிவுகள் புதராகிவிட்டன.

ஆடுகள் புல்லைக் கடித்ததோடு நிற்கவில்லை. வில்ட்ஷயர் இடையர்கள் பகலில் மந்தையை மேட்டில் மேய்த்தார்கள். இரவில் கீழே இறக்கி, ஹேசல் குச்சிகளில் பின்னிய படல்களை நட்டு, கோதுமை வயலில் அடைத்தார்கள். சிவகங்கை, ராமநாதபுரத்துக் கீதாரிகள் அறுப்பு முடிந்த வயலில் போடுகிற அதே ஆட்டுக்கிடைதான். மேட்டில் தின்ற புல் வயலில் புழுக்கையாக விழுந்தது. இப்படி நூற்றாண்டுக்கணக்கில் மேட்டின் சத்தெல்லாம் ஆட்டின் வயிற்றில் ஏறிக் கீழே இறங்கியது. வயல் கொழுத்தது, மேடு வற்றியது.

வற்றிய மண்ணில்தான் அதிசயம். சத்துள்ள மண்ணாக இருந்தால் முரட்டுப் புல்லும் காஞ்சொறியும் வேகமாக வளர்ந்து மற்றவற்றை அமுக்கிவிடும். சத்தில்லாத இடத்தில் எதுவும் தலைதூக்க முடியாது. அதனால் எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கிறது. நல்ல சீமைச் சுண்ணாம்புப் புல்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகள் வரை எண்ணலாம். மண்ணோடு படர்ந்த காட்டு ஓமம், ஆர்க்கிட் வகைகள், ஹார்ஸ்ஷூ வெட்ச் என்ற மஞ்சள் பூச்செடி எல்லாம் அதில் உண்டு. சாக்ஹில் புளூ என்ற வெளிர்நீல வண்ணத்துப்பூச்சியின் புழு இந்த மஞ்சள் பூச்செடியை விட்டால் வேறு எதையும் தின்னாது. எறும்புகள் அந்தப் புழுவுக்குக் காவல் இருக்கின்றன. கூலியாக அது சுரக்கும் இனிப்பு நீரை நக்கிக்கொள்கின்றன.

இதையெல்லாம் உண்டாக்கியதில் நாய்க்கும் பங்கு உண்டு. இடையனின் நாய் இல்லாமல் வேலியில்லாத மேட்டில் மந்தையை ஓட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. டபிள்யூ. எச். ஹட்சன் 1910இல் வெளியிட்ட, வில்ட்ஷயர் இடையர் வாழ்க்கையைச் சொல்லும் நூலில் ஆட்களுக்கு நிகராக நாய்களும் வருகின்றன. ஆனால் அது வேலை செய்த நாய். இன்று காரிலிருந்து குதித்து இறங்குகிற நாய் வேறு ரகம். வயிறு நிறைய டப்பா உணவைத் தின்றுவிட்டு வருகிறது; வந்ததும் முதல் காரியமாக அதை மேட்டில் இறக்கிவைக்கிறது. ஆடு மேட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனது. நாயோ வீட்டிலிருந்து கொண்டுவந்து மேட்டில் சேர்க்கிறது.

இதை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவேண்டுமா என்று சிரிப்பவர்கள் உண்டு. பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள் சிரிக்காமல் கணக்குப் போட்டார்கள். நகரை ஒட்டிய நான்கு இயற்கைக் காப்பிடங்களில் நாய்களை எண்ணி, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். நாய்கள் ஆண்டுக்கு ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 11 கிலோ நைட்ரஜனும் 5 கிலோ பாஸ்பரசும் விட்டுச்செல்கின்றன. மலத்தை எடுத்துப்போனால் பாஸ்பரசில் பெரும்பங்கு குறையும். சிறுநீரில் போகிற நைட்ரஜனை யாரும் பையில் கட்ட முடியாது. அந்த இடங்கள் சீமைச் சுண்ணாம்பு மேடுகள் அல்ல என்றாலும் கணக்கின் போக்கு பொருந்தும். உரமே ஆகாத மண்ணில் வழியோரம் முழுக்க இலவச உரம் விழுகிறது. நடைபாதை தொடங்குகிற முதல் சில நூறு மீட்டரில், நாய்கள் அவசரத்தோடு இறங்குகிற இடத்தில், புல் ஒரு மாதிரி கரும்பச்சையாகச் செழித்திருந்தால் காரணம் தேடி அலையவேண்டாம்.

மலத்தைப் பையில் கட்டிவிட்டு, அந்தப் பையை முள்மரக் கிளையில் மாட்டிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி பிரிட்டிஷ்காரர்கள் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள். அதைவிடப் பேசாமல் விட்டுவிட்டே போயிருக்கலாம்.

மேய்ச்சல்காரர்களின் கவலை வேறு. நாய் மலத்தின் வழியே பரவும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி பசுவுக்குக் கன்று கலையச் செய்கிறது. நாயிடமிருந்து வரும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டைகளை ஆடு புல்லோடு தின்றால் இறைச்சியில் கொப்புளம் விழுந்து விலைபோகாது. இந்த ஒட்டுண்ணிகளை நகர நாய்க்காரர்கள் கேள்விப்பட்டிருப்பது அபூர்வம். வைத்தியம் சுலபம்: குடற்புழு மருந்து கொடுக்கவேண்டும், பையைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும்.

ஏவ்பரியிலிருந்து நடக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தென்கிழக்கே, இரட்டை வரிசையாகக் கற்கள் நிற்கும் வெஸ்ட் கென்னட் அவென்யூ வழியாகப் போகிறார்கள். அதற்குமுன் வட்டத்துக்குள்ளேயே நேரம் போய்விடும். அகழியை மான்கொம்புகளால் தோண்டினார்கள். தோண்டிய வெள்ளைச் சுண்ணாம்பைக் கரையாகக் குவித்தார்கள். கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டில் நடந்த வேலை இது. புதிதில் கரை பளிச்சென்று வெள்ளையாக நின்றிருக்கும். இன்று அதன்மேல் மெல்லிய புல்தோல் மட்டும். மழைக்கால ஈரத்தில் அதன்மேல் ஆயிரம் கால்கள் ஏறி இறங்கினால் தோல் கிழிந்து வெள்ளை தெரியும். பிறகு கரை சரியத் தொடங்கும். அதனால் இடத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு சில பகுதிகளைத் தற்காலிக வேலி போட்டு மூடுவதுண்டு. புல் தேறட்டும் என்று வைத்த வேலிக்கு அடியில் நாய் நுழைந்தால், பின்னால் அதைப் பிடிக்க மனிதரும் நுழைவார்.

கற்களின் கதை சோகமானது. 14ஆம் நூற்றாண்டில் ஊரார் பலவற்றைக் குழிதோண்டிப் புதைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் வைக்கோல் போட்டு நெருப்பில் சுட்டு, தண்ணீர் ஊற்றி, சம்மட்டியால் உடைத்து வீடு கட்டினார்கள். 1720களில் பழம்பொருள் படிப்பாளி வில்லியம் ஸ்டூக்லி இதைக் கண்ணால் பார்த்து, கொதித்து எழுதினார். ஆரஞ்சு மார்மலேட் வியாபாரத்தில் வந்த பணத்தை வைத்துக்கொண்டு 1930களில் அலெக்சாண்டர் கெய்லர் புதைந்த கற்களைத் தோண்டி நிமிர்த்தினார். ஒரு கல்லுக்கடியில் கத்தரிக்கோலும் 14ஆம் நூற்றாண்டுக் காசுகளும் வைத்திருந்த ஒருவரின் எலும்புக்கூடு கிடைத்தது.

இடையில் ஒரு மனிதர் குறுக்கிட்டிருக்காவிட்டால் இந்த வட்டத்துக்குள் இன்னும் பல வீடுகள் எழும்பியிருக்கும். சர் ஜான் லபக், வங்கிக்காரர், நாடாளுமன்ற உறுப்பினர். 1870களின் தொடக்கத்தில் இங்கே மனைகள் விற்பனைக்கு வந்தபோது அவற்றைச் சொந்தப் பணத்தில் வாங்கிவிட்டார். பிரிட்டனின் முதல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் 1882இல் வந்ததும் அவர் முயற்சியால்தான். இந்தக் கற்கள் சேர்ந்த காலத்துக்குப் ‘புதிய கற்காலம்’ என்று பெயர் வைத்தவரும் அவரே. உழைக்கும் மக்களுக்குச் சில திங்கட்கிழமைகள் ஓய்வு கிடைக்கவேண்டும் என்று 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம் கொண்டுவந்தவரும் அவரே. இன்று நாயோடு ஏவ்பரியில் கூட்டம் அலைமோதுவது அந்த விடுமுறைகளில்தான். போதாததற்கு லபக் ‘வேன்’ என்ற தன் கறுப்புப் பூடில் நாய்க்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். சாப்பாடு, தண்ணீர், வெளியே போகவேண்டும் என்றெல்லாம் எழுதிய அட்டைகளைத் தரையில் பரப்பிவைப்பார். வேன் தனக்குத் தேவையான அட்டையைக் கவ்விக்கொண்டு வரும். இதை அறிவியல் சோதனையாகவே எழுதி வெளியிட்டார். 1900இல் பிரபுப் பட்டம் கிடைத்தபோது அவர் தேர்ந்துகொண்ட பெயர் ஏவ்பரி.

ஊருக்கு வடமேற்கே விண்ட்மில் ஹில் என்றொரு தாழ்ந்த குன்று. கி.மு. 37ஆம் நூற்றாண்டு வாக்கில் மக்கள் அங்கே கூடி, விருந்துண்டு, கழிவை அகழிகளில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். 1920களில் கெய்லர் அங்கே தோண்டியபோது ஒரு நாயின் எலும்புக்கூடு ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்தது; ஊரிலுள்ள கெய்லர் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். சீமைச் சுண்ணாம்பு மண் எலும்பை அரிக்காது. அமில மண்ணாக இருந்திருந்தால் அந்த நாய் வாழ்ந்ததே தெரிந்திருக்காது.

அதைவிடப் பழைய நாய் ஒன்று உண்டு; அது விட்டுச்சென்றது ஒரே ஒரு பல். ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பக்கத்தில் பிளிக் மீட் என்ற ஊற்றங்கரையில் கிடைத்தது. 7,000 ஆண்டுப் பழமை. அந்த நாய் குடித்த தண்ணீரின் வேதித் தடயம் பல்லின் எனாமலில் பதிந்திருந்தது. வடக்கே யார்க் பள்ளத்தாக்குப் பக்கம் வளர்ந்த நாய் அது, தன் மனிதர்களோடு சுமார் 400 கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறது என்று 2016இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஸ்டோன்ஹெஞ்சில் முதல் கல் நடப்படுவதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே நாயோடு நடந்திருக்கிறார்கள்.

வசந்தத்தில் நடப்பவர்களுக்குக் கட்டாயம் கேட்கும் குரல் வானம்பாடியுடையது. வானத்தில் புள்ளியாக நின்று நிறுத்தாமல் பாடுகிற பறவை, கூடு கட்டுவதோ தரையில், புல்லுக்குள் ஒரு சின்னப் பள்ளத்தில். அவிழ்த்துவிட்ட நாய் முட்டையைத் தொடவே வேண்டாம். பக்கத்தில் மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றாலே போதும், தாய்ப்பறவை எழுந்து போய்விடும். முட்டை குளிர்ந்துவிடும், அல்லது காக்கை பார்த்துவிடும். அதனால்தான் 2000ஆம் ஆண்டுச் சட்டம், பொதுமக்கள் பாதையை விட்டு விலகியும் நடக்க உரிமையுள்ள திறந்தவெளிகளில், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடித்திருக்கவேண்டும் என்கிறது. ஆடுமாடு பக்கத்தில் இருந்தால் ஆண்டு முழுக்கவே அப்படித்தான்.

ஆட்டு விஷயத்தில் சட்டம் இன்னும் கடுமை. 1953ஆம் ஆண்டிலிருந்தே, நாய் ஆட்டைக் கடித்தால் மட்டுமல்ல, துரத்தினாலும் உடையவர் குற்றவாளி. ‘என் நாய் விளையாடத்தான் போனது’ என்ற சமாதானம் செல்லாது. சினை ஆடு ஓடிக் களைத்தால் குட்டி கலைந்துவிடும். பயத்திலேயே செத்துப்போகும் ஆடுகளும் உண்டு. வேறு வழியே இல்லாதபோது பண்ணைக்காரர் நாயைச் சுட்டால் வழக்கில் தற்காத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

மாட்டிடம் மட்டும் தலைகீழ் விதி. கன்றுள்ள பசுக்கள் நாயைக் கண்டால் ஓநாயைக் கண்டதுபோல் கூட்டமாகப் பாயும். அப்போது கயிற்றை விட்டுவிடவேண்டும். மாட்டுக்குக் குறி நாய்தான். நாய் ஓடித் தப்பிவிடும். கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறவர்தான் மிதிபடுகிறார்.

சீமைச் சுண்ணாம்புக்குள் கரணை கரணையாகச் சக்கிமுக்கிக் கற்கள் இருக்கின்றன. உழுத வயலோரத்தில் உடைந்து கிடக்கும் சில்லு, கற்கால மனிதன் தோல் சீவப் பயன்படுத்திய அதே கூர்மையோடு நாயின் பாதத்தைக் கிழித்துவிடும். மேட்டில் குடிக்கத் தண்ணீரும் இருக்காது. பழைய இடையர்கள் களிமண்ணை மிதித்து இறுக்கி, மழைநீர் பிடிக்கக் குட்டைகள் அமைத்தார்கள். அவற்றில் பல தூர்ந்துவிட்டன. தண்ணீர்ப் பாட்டிலும் மடக்குக் கிண்ணமும் கையில் இருப்பது நல்லது. கீழே கென்னட் ஆறு இருக்கிறதே என்றால், தெள்ளுப்பூச்சி மருந்து போட்ட நாயை அதில் இறக்குவது சரியல்ல. அந்த மருந்துகளில் உள்ள பூச்சிக்கொல்லிகள் இங்கிலாந்தின் 20 ஆறுகளில் பரவலாக இருப்பதை சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2020இல் காட்டியது. கோடையில் இன்னொரு தொல்லை காட்டுப் பார்லிப் புல்லின் கதிர். அதன் சுணைகள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் முன்னால்தான் நகரும், திரும்பி வராது. விரலிடுக்கில் புகுந்தால் தோலுக்குள், காதில் விழுந்தால் உள்ளே என்று போய்க்கொண்டே இருக்கும். நடை முடிந்ததும் நாயின் பாதங்களைத் திருப்பி, விரல்களை விரித்துப் பார்ப்பது அனுபவப்பட்டவர்களின் வழக்கம்.

ஏவ்பரியிலிருந்து தெற்கே போனால் சில்பரி மேடு. 30 மீட்டருக்கு மேல் உயரம், கையால் குவித்தது, காலம் கி.மு. 2400 வாக்கு, ஐரோப்பாவில் வரலாற்றுக்கு முந்திய செயற்கை மேடுகளில் இதுவே பெரியது. உள்ளே கல்லறையோ புதையலோ எதுவும் கிடைக்கவில்லை. எதற்காகக் கட்டினார்கள் என்பதை அறிய 1776இல் உச்சியிலிருந்து நேராகத் துளை போட்டார்கள். சரியாக மூடாத அந்தத் துளை 2000ஆம் ஆண்டில் உள்வாங்கி, உச்சியில் பள்ளம் விழுந்தது. மேட்டின்மேல் ஏற மனிதருக்கும் நாய்க்கும் தடை. எதிரே சரிவில் ஏறினால் வெஸ்ட் கென்னட் நெடுங்கல்லறை. 100 மீட்டர் நீளம், உள்ளே ஐந்து கல் அறைகள், சுமார் 36 பேரின் எலும்புகள். அதற்குள் கட்டணமின்றி நுழைந்து பார்க்கலாம். நாய்கள் அந்த இருட்டுக்குள் போகச் சில நேரம் மறுக்கும். அமானுஷ்யக் கதைகளுக்கு இது நல்ல தீனி; ஈரமும் எதிரொலியும் பிடிக்காத நாய்கள் எங்கும் அப்படித்தான் செய்யும்.

கிழக்கே ஓவர்டன் குன்றிலிருந்து 139 கிலோமீட்டர் நீளமுள்ள ரிட்ஜ்வே பாதை தொடங்குகிறது. அதையொட்டி ஃபைஃபீல்டு மேட்டில் சார்சன் என்ற சாம்பல்நிற மணற்பாறைகள் சிதறிக் கிடக்கின்றன. தூரத்தில் படுத்திருக்கும் செம்மறிகள்போல் தெரிவதால் ஊரில் அவற்றுக்குச் சாம்பல் கடாக்கள் என்றே பெயர். ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்களில் பெரும்பாலானவை அங்கிருந்து சற்றுத் தெற்கே உள்ள வெஸ்ட் வுட்ஸ் காட்டிலிருந்து போனவை என்று 2020இல் தெரியவந்தது.

ஸ்டோன்ஹெஞ்சுக்கு நாயோடு கிளம்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. கற்களைப் பார்க்கும் வளாகத்துக்குள் பார்வையற்றோர் போன்றவர்களுக்குத் துணைவரும் உதவி நாய்களுக்கு மட்டுமே அனுமதி. சுற்றியுள்ள மேய்ச்சல் வெளி நேஷனல் டிரஸ்டுடையது, அங்கே தடையில்லை. கிங் பாரோ மேட்டின் மரநிழலிலிருந்து கற்களைப் பார்க்கலாம். ஸ்டோன்ஹெஞ்சைவிடப் பழையதான, கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் நீண்ட கர்சஸ் என்ற மண்வரம்பின் ஓரமாகவும் நடக்கலாம். டிக்கெட் வாங்கி உள்ளே போகிறவர்களைவிட நாய்க்காரர்களுக்கு இந்தத் தொல்நிலத்தின் விரிவு நன்றாகப் புரியும்.

இன்னும் பெரிய வெளி வேண்டுமானால் சாலிஸ்பரி சமவெளி. 1897 முதல் ராணுவம் வாங்கிய நிலம், சுமார் 38,000 ஹெக்டேர். பீரங்கி வெடித்த இடத்தில் யாரும் ஏர் பூட்டவில்லை, உரமும் போடவில்லை. அதனால் வடமேற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய சீமைச் சுண்ணாம்புப் புல்வெளி அங்கே பிழைத்திருக்கிறது. 1832 வாக்கில் பிரிட்டனில் அழிந்துபோன பெரிய கானமயிலை 2004 முதல் அங்கே மறுபடி குடியேற்றுகிறார்கள். சிவப்புக் கொடி ஏறியிருந்தால் உள்ளே துப்பாக்கிப் பயிற்சி. கொடி இறங்கிய நாளிலும் வெடிக்காத குண்டுகள் மண்ணில் உண்டு, தோண்டுகிற பழக்கமுள்ள நாயைப் பாதையை விட்டு விலகவிடக்கூடாது. 1943இல் ராணுவத்துக்காக ஊரைக் காலிசெய்த இம்பர் கிராமத்தைச் சுற்றி, பயிற்சிக் களத்தின் விளிம்பிலேயே ஒரு பாதை போகிறது. நீளம் சுமார் 48 கிலோமீட்டர். ஒரே நாளில் சுற்றிவர நாய்க்குத் தெம்பிருக்கலாம். கயிற்றின் மறுமுனையில் வருகிறவர் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது உத்தமம்.